ஏழு பேருக்கும் ஒரே ரத்தம்

பசி நாகஜோதியின் வயிற்றுக்குள் கையை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தது.

நேற்று ராத்திரியிலிருந்து தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. அனுமந்தன்பட்டி சமுதாயக் கூடத்தின் வாசலில், ரத்தச் சோதனைக்கு நிற்கும் வரிசையின் கடைசி ஆளாக அவள் நின்றாள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. ஏலக்காய் எடுக்க மலையேறும் பெண்ணின் கோலம். அதற்காக அவள் அதிகம் மெனக்கெடவில்லை. கல்யாணம் ஆகும்வரை திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டிக் கூடை சுமந்தவள். அந்தத் தோள் வலி இன்றைக்கும் மழைக்கு முன்னால் வந்து தகவல் சொல்லும். இப்போது கம்பத்தில் ஒரு உரக்கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருந்தாலும் உடம்பு பழசை மறக்கவில்லை.

கூடத்தின் பக்கச் சுவர் ஓரமாக வேல்பாண்டி பதுங்கி வந்தான். முன்னாள் ஜீப் டிரைவர், இந்நாள் உதவியாளன். கையில் ஒரு பொட்டலம்.

"அக்கா, ரெண்டு ஜிலேபி. நல்லா யோசிச்சுக்கங்க. உங்க சுகர் டாக்டருக்குத் தெரிஞ்சா உங்கள விட்ருவாக, வாங்கிக் குடுத்த என்னையத்தான் தொலைச்சுக் கட்டுவாக."

"குடுலே. சாட்சிக்குத் தீனி போடணும்."

"சாட்சி யாரு?"

"என் ரத்தம்."

நாகஜோதிக்குச் சர்க்கரை வியாதி உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கித் தவறாமல் போடுகிறவள். நேற்று வேண்டுமென்றே போடவில்லை. இன்றைக்கு ஜிலேபி. இந்த ரத்தத்தைச் சோதித்துவிட்டு எவனாவது சர்க்கரை இல்லை என்று எழுதினால், அவன் இந்த ரத்தத்தைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

"ரத்தத்துக்குப் பதிலா பாகு வரப்போகுதுக்கா. ஊசி ஒட்டிக்கிச்சுன்னா?"

"நீ உருவி விடு. போ, அங்கன வேன்ல உக்காரு."

ரெண்டு ஜிலேபியும் போன இடம் தெரியவில்லை. பசி இன்னும் கிளம்பியதுதான் மிச்சம்.

அவளை இங்கே நிறுத்தியவள் சினேகா. உத்தமபாளையத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண். இந்த வாரம் ஆபீஸ் படியேறி வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"எங்கம்மா சங்கிலியம்மாள், போன சீசன் கடைசியில மலையில காய் எடுக்கையில சரிஞ்சு விழுந்துட்டாக. கிட்னி ரெண்டும் போச்சு, சர்க்கரை பல வருசமா ஒடம்ப அரிச்சிருக்குன்னு பெரியாஸ்பத்திரில சொல்றாக. ஆனா மூணு வருசமா எஸ்டேட் கேம்ப்ல ரத்தம் எடுத்து, எல்லாம் நார்மல்னு ரிப்போர்ட் குடுத்திருக்காக. எஸ்டேட்ல கேட்டா, நல்ல ஒடம்போடதான் வந்தா, எங்களுக்கு என்னங்கிறாக. யாரோ எங்கம்மாவ ஏமாத்திருக்காக. யாருன்னு எனக்குத் தெரியணும். அதே ஜீப்புல இன்னும் ஆறு பேரு போய்ட்டு வாராக. அடுத்து யாரு விழப்போறா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் நாகஜோதியை எழுப்பியது.

கேரள மலையில் இருந்த அந்த ஏலக்காய் எஸ்டேட்டின் சட்டம் சுருக்கமானது. வருஷத்துக்கு ஒரு தடவை, காய் எடுப்புக்கு முன்னால் கேம்ப். ரத்தம் நன்றாக இருந்தால் ஜீப்பில் ஏறலாம். சர்க்கரை, ரத்தசோகை என்று ஏதாவது வந்தால் இறங்கிக்கொள்ள வேண்டியதுதான். சங்கிலியம்மாளின் இடம் காலியானதால், 'எங்க சித்தி' என்று சொல்லி நாகஜோதியை அந்த இடத்தில் சொருகிவிட்டாள் சினேகா.

முன்னால் நின்ற ராமுத்தாய் தண்ணீர் பாட்டிலை அண்ணாந்து காலி செய்தாள். இந்த ஜீப்புக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து மறுபடியும் குடித்தாள்.

"என்ன மதினி, இம்புட்டுத் தண்ணி?" என்றாள் நாகஜோதி.

"தொண்டை காஞ்சு வருது ஆத்தா. ராவெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு வெளிய போய்ட்டு வாரேன். வயசாச்சுல்ல."

நாகஜோதி அவள் முகத்தைப் பார்த்தாள். இதே பேச்சை ஒரு காலத்தில் தானும் பேசியது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அதற்குப் பெயர் வயசு இல்லை.

"ரத்தத்துல ஏதும் வந்துருமோன்னு பயமா இருக்கு மதினி" என்று கொக்கி போட்டாள்.

ராமுத்தாய் சிரித்தாள். "சும்மா இரு. மூணு வருசமா இந்த ஜீப்புல ஏறுனவ ஒருத்தியும் பெயிலானதில்ல. சட்டைக்கையத் தூக்கிக் காமி, குத்துவாக, எந்திரிச்சு வா. மத்தது தானா நடக்கும்."

உள்ளே மேஜைக்குப் பின்னால் ஆதித்தன் உட்கார்ந்திருந்தான். கம்பத்து லேபில் ரத்தம் எடுக்கும் பையன். இதே ஊர்க்காரன், ஒல்லி, அதிகம் பேசாதவன். ஒருத்தியின் கையில் கட்டுவான், நரம்பைத் தடவுவான், குத்துவான், குழாயில் பெயர் ஒட்டி ஐஸ் பெட்டியில் வைப்பான். அப்புறம் எழுந்துபோய்க் கை கழுவுவான். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டில் பட்டன் போட்டு இறுக்கியிருந்தான். ஒவ்வொரு தடவையும் சட்டைக்கை நனைந்து சொட்டியது. மடித்துவிடவில்லை.

ஆனால் அந்த நேரத்தில் நாகஜோதியின் கண் சட்டையில் இல்லை. மேஜையில் இருந்தது.

மேஜை ஓரத்தில் தூக்குவாளிகளும் டிபன் பெட்டிகளும். ஒருத்தி முருங்கைக்கீரைப் பொரியல் கொண்டுவந்திருந்தாள். ஒருத்தி பேரீச்சம்பழம். இன்னொருத்தி உரித்த மாதுளை. ராமுத்தாய் தன் பெட்டியைத் திறந்து அவன் பக்கம் நகர்த்தினாள். சுவரொட்டி. ஆட்டின் மண்ணீரலை மிளகு போட்டு வதக்கியது. அந்த வாசனையில் நாகஜோதி தன்னை அறியாமல் ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

"சூட்டோட தின்னுருய்யா."

"முடிச்சுட்டுச் சாப்பிடுறேன் பெரியம்மா."

'பெத்த பிள்ளையைப் போல ஊட்டி வளக்குறாளுக' என்று நினைத்தபடி நாகஜோதி கையை நீட்டினாள். ஊசி சுருக்கென்று இறங்கியது. அவளுடைய ரத்தம்தான், கண் முன்னாலேயே குழாயில் ஏறியது. அவளுடைய பெயர்தான், கண் முன்னாலேயே ஒட்டினான்.

*

மத்தியானத்துக்கு மேல் செல்போனில் ரிப்போர்ட் வந்தது. வேனுக்குள் இருந்தபடி வேல்பாண்டி படித்தான்.

"சர்க்கரை தொண்ணூறு. ரத்தம், அதான் ஹீமோகுளோபின், பதினஞ்சரை. கொழுப்பு இருக்க வேண்டிய அளவுல இருக்கு. யக்கா, நீங்க நோயாளியே இல்ல. இத்தன வருசம் அரசாங்கத்த ஏமாத்தி மாத்திரை தின்னிருக்கீக."

"மத்தவளுக ரிப்போர்ட்டு?"

"சினேகா வாங்கி அனுப்பிருச்சு. ராமுத்தாய்க்கும் தொண்ணூறு. எல்லாருக்கும் பதினஞ்சரைதான். ஒண்ணு ரெண்டு புள்ளி முன்னப் பின்ன. கூழு குடிச்சுட்டு மலையேறுற பொம்பளைகளுக்கு இம்புட்டு ரத்தமா? இந்த ஜீப்ப நேரா ஒலிம்பிக்குக்கு ஓட்டலாம்."

"மாட்டுனான்லே" என்றாள் நாகஜோதி. "லேப்காரன் ஒரு குழாயையும் தொடல. உக்காந்த எடத்துல நம்பர் போட்டுத் தள்ளுறான். வண்டிய எடு."

பசியோடு கோபமும் சேர்ந்துகொண்டது. கம்பத்து மெயின் ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்த லேபின் கண்ணாடிக் கதவை அவள் தள்ளிய வேகத்தில், உள்ளே காத்திருந்த கர்ப்பிணிப் பெண் திடுக்கிட்டு எழுந்தாள்.

லேப் முதலாளி தங்கப்பாண்டியன் கண்ணாடியைக் கழற்றினார். நாகஜோதி தன் பெயரைச் சொன்னாள், தொழிலைச் சொன்னாள், ஜிலேபியைச் சொன்னாள். குரலை இறக்கவில்லை.

"மூணு வருசமா பொய் ரிப்போர்ட் அடிச்சிருக்கீரு. அந்தக் காகிதத்த நம்பி ஒருத்தி கிட்னியத் தொலைச்சுட்டு மெஷின்ல கெடக்கா."

தங்கப்பாண்டியனின் முகம் சிவந்தது. "ஏம்மா, கட்டுன வீட்ட வித்து வாங்குன மெஷின் இது. ஒரு நம்பரு என் கையால போட்டேன்னு நிரூபிச்சுருங்க, லேப இழுத்து மூடுறேன். குழாய் எல்லாம் ஐஸ்லதான் இருக்கு. உங்க முன்னாடியே ஓட்டுறேன். வாங்க உள்ள."

"மெஷினும் உங்க ஆளுதான சார்" என்றான் வேல்பாண்டி.

"அது யாருக்கும் ஆளில்ல. அதனாலதான் அத வாங்கினேன்."

நாகஜோதியின் பெயர் ஒட்டிய குழாயை வைத்தார். மெஷின் முனகியது. தொண்ணூறு. பதினஞ்சரை.

வேல்பாண்டி வாயை மூடிக்கொண்டான். அது அபூர்வம்.

நாகஜோதி மட்டும் விடவில்லை. "என் ரத்தம் என்ன குரூப்புன்னு பாருங்க. நான் ஓ. ரத்ததானம் குடுத்த அட்டை பையில இருக்கு."

அவர் ஒரு கண்ணாடித் தகட்டில் சொட்டு வைத்தார். மருந்து விட்டு அசைத்தார். பார்த்தார். இன்னொரு தடவை செய்தார். பிறகு ராமுத்தாயின் குழாயை எடுத்தார். அடுத்ததை எடுத்தார். கடைசிக் குழாய் வரைக்கும் பார்த்தார். முடிந்ததும் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

"ஏ.பி. ஏழும் ஏ.பி. ஊருக்குள்ள தேடுனாலும் லேசுல கிடைக்காத குரூப்பு."

"அப்ப ஏழு பேரும் ஒரே ஆளா?" என்றான் வேல்பாண்டி.

"ஏழு குழாயும் ஒரே ஆளு" என்றாள் நாகஜோதி. கோபம் இறங்கி, அந்த இடத்தில் வெட்கம் வந்து நின்றது. "மன்னிச்சுருங்கய்யா. கதவ ஒடச்சுருந்தா காசு வாங்கிக்கங்க."

தங்கப்பாண்டியன் அதைக் காதில் வாங்கவில்லை. "நோயின்னு வந்தா ரெண்டு தடவ ஓட்டிப் பாப்பேன். எல்லாம் நல்லாருக்குன்னு வந்தா எவன் திருப்பிப் பாக்குறான்? நானும் பாக்கல."

*

அடுத்த தெருவில் பரோட்டாக் கடை. வேல்பாண்டி ரெண்டு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றிவிட்டான். நாகஜோதி இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு ரத்தம்லே அது? எங்க எல்லாருகிட்டயும் எடுத்தத நான் கண்ணால பாத்தேன். வரிசைல ஒருத்தியும் ரெண்டு தடவ உக்காரல. பெட்டிய மூடுன வரைக்கும் அங்கனதான் நின்னேன்."

"லேபுக்கு வர்ற வழியில மாறிருக்கு. ஆனா ஏழு குழாய் ரத்தத்துக்கு எங்க போவான்? அதென்ன ஆவின் பாலா, பாக்கெட்டுல வாங்க?" வேல்பாண்டி வாய் நிறைய மென்றபடி அவள் இலையைக் காட்டினான். "விடியக்காலையில இருந்து பசி பசின்னு உயிர எடுத்தீக. இப்பச் சோத்த முன்னால வச்சுக்கிட்டுத் தொடாம உக்காந்திருக்கீக. என்னக்கா உங்களுக்கு?"

நாகஜோதி நிமிர்ந்தாள்.

"இப்ப என்னலே சொன்ன?"

"சாப்பிடுங்கன்னேன். தப்பா?"

"சோத்த முன்னால வச்சுக்கிட்டு ஒருத்தன் ஏன் தொடமாட்டான்?"

"கோயிலுக்கு மாலை போட்டிருப்பான். இல்ல, அவன் பொண்டாட்டி சமைச்சதா இருக்கும்."

"இல்ல, வெறும் வயித்துல ரத்தம் குடுக்கப் போறவனா இருப்பான்." இலையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். "கீரை, மாதுளை, பேரீச்சம்பழம், சுவரொட்டி. ரத்தம் ஊறுறதுக்கு என்னென்ன தின்னணுமோ அத்தனையும் அவன் மேசையில இருந்துச்சு. நான் பசியில அந்தச் சாப்பாட்டத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். அவன் ஒரு வாய் வைக்கல. கை கழுவயில சட்டைக்கை சொட்டச் சொட்ட நனையுது, மடிச்சு விடல. ஏன்? முழங்கைய யாருக்கும் காட்டக் கூடாது."

வேல்பாண்டியின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. "ஊசி போடுற பையனா? அவன் ரத்தத்தையா ஊத்துறான்? ஏழு பொம்பளைகளுக்கும்?"

"பொம்பளைகளுக்குப் பதினஞ்சரை எங்கிருந்து வந்துச்சுன்னு இப்பத் தெரியுதா? அது ஆம்பள ரத்தம். கெளம்பு."

"பில்லு?"

"நீதான மூணு பேருக்குத் தின்ன. நீ குடு."

*

ஆதித்தன் வீட்டு வாசலில் ஏற்கெனவே செருப்புகள் கிடந்தன. லேபிலிருந்து தங்கப்பாண்டியன் போன் பண்ணி வைத்திருக்க வேண்டும். ராமுத்தாயும் மற்ற பெண்களும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆதித்தன் நடுவில், தலையைக் குனிந்தபடி. சினேகாவையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள் நாகஜோதி. அந்தப் பெண் வாசல்படி தாண்டவில்லை.

ராமுத்தாய் நாகஜோதியை ஏற இறங்கப் பார்த்தாள். "சித்தியாமே சித்தி. போலீசா நீ?"

"இல்ல மதினி. காலையில வரிசையில நின்னவதான். தம்பி, சட்டைக்கைய மடி."

அவன் மறுக்கவில்லை. பட்டனைக் கழற்றி மடித்தான். முழங்கை மடிப்பில் நேற்றைய குத்தலும் இன்றைய குத்தலும் ஊதா நிறத்தில் கன்றிப் போயிருந்தன.

"எங்க வச்சு எடுத்த?"

"வீட்டுக்கு வந்துதான். இடது கையில நானே குத்திக்கிருவேன். மொத நாளே ஒரு தடவ குத்திப் பாத்துக்கிருவேன். அவுக ரத்தத்தக் கொட்டிட்டு, வேற குழாயில என் ரத்தத்த ஊத்தி அவுக பேரு ஒட்டிருவேன்." மனப்பாடம் செய்து வைத்திருந்தவன் போலச் சொன்னான்.

"ஏன்?"

அவன் சுவரில் இருந்த படத்தைக் காட்டினான். மாலை போட்ட படம். நடுத்தர வயசுப் பெண்.

"எங்கம்மா அனுசுயா. மொத கேம்ப்ல சர்க்கரைன்னு வந்துச்சு. மறுநாளே ஜீப்புல இருந்து எறக்கி விட்டாக. வியாதிக்காரின்னு பேரு விழுந்துச்சா, அப்புறம் ஒரு தோட்டத்துலயும் சேக்கல. பத்து வயசுலருந்து ஓடுன ஒடம்பு. வீட்டுக்குள்ளயே ஒடுங்கி, ஒருத்தர்கிட்டயும் பேசாம, ஒரே வருசத்துல போயிட்டாக. ரத்தம் எடுத்துதான எங்கம்மாவக் கொன்னாக? இவுகளையும் எறக்கி விடணுமா? அதான் இந்த வேலையக் கத்துக்கிட்டேன். அதான் அந்த லேபுல சேந்தேன்."

"நாங்கதான் கேட்டோம்" என்றாள் ராமுத்தாய். எழுந்து அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். "அவனா செய்யல. நாங்க கேட்டோம். கேஸ் போடுறதா இருந்தா எங்க எல்லாரு பேர்லயும் போடு. எனக்குச் சர்க்கரைன்னு எழுதுனா என் பொழப்ப யாரு பாப்பா, நீயா?"

"எங்கம்மாவுமா?" வாசலில் இருந்து கேட்டாள் சினேகா. "எங்கம்மாவுக்கும் தெரியுமா?"

ராமுத்தாய்தான் கடைசியில் சொன்னாள்.

"மொதல்ல கேட்டதே உங்கம்மாதான் தாயி. 'எம்பேர்ல ஒன் ரத்தத்த ஊத்திருப்பா, எம்புள்ள சினேகா படிப்பு முடியட்டும்'னு உங்கம்மா சங்கிலிதான் கேட்டுச்சு."

சினேகா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஏமாற்றியவனைத் தேடிக் கிளம்பியவள். தேடிய வழியெல்லாம் அம்மா முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

வேல்பாண்டி மெதுவாக நாகஜோதியின் காதருகே வந்தான். "அக்கா, குத்தவாளிய விட்ரலாமா? எனக்கே இவனுக்கு ஒரு ஈரல் வாங்கிக் குடுக்கலாம்போல இருக்கு."

"சும்மா இரு." நாகஜோதி ஆதித்தனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "தம்பி, ஒன் பெரியம்மா காலையில தண்ணிப் பாட்டில எப்படிக் குடிச்சான்னு பாத்தியா?"

அவன் மடித்த சட்டைக்கையை இறக்கிவிட்டான்.

"பாத்திருப்ப. நீ படிச்ச படிப்புக்கு அது என்னன்னும் தெரிஞ்சிருக்கும். ராவெல்லாம் எந்திரிக்கிறா. சங்கிலியம்மாளும் விழுறதுக்கு முன்னால இப்படித்தான் குடிச்சிருப்பா. ஒன் ரத்தத்துல தொண்ணூறுன்னு எழுதிட்டா இவ நாக்கு நனைஞ்சிருமா? எனக்கும் சர்க்கரைதான். மாத்திரை போடுறேன், மாடி ஏறுறேன், திருடனத் தொரத்துறேன். சர்க்கரை இருந்தா வேலை செய்யக் கூடாதுன்னு எந்த டாக்டரு சொன்னாரு? எஸ்டேட்காரன் சொன்னான். ரத்தம் எடுக்கிறது முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டுப் பொழச்சுக்கிறதுக்கு. அவன் அத ஆளக் கழிக்கிற சல்லடையாக்கிட்டான். நீ சல்லடையில கை வச்சு அடைச்ச. அவன் மாறுனானா?"

ஆதித்தனின் தோள் முதல் தடவையாகக் குலுங்கியது.

"ஆத்தா, நீ நல்லாப் பேசுற" என்றாள் ராமுத்தாய். "ஆனா நாளைக்கு ஜீப்பு வரும். அதுக்கு என்ன சொல்ற?"

"உங்க எடத்துக்கு நாளைக்கே ஆளு கிடைக்குமா அவுகளுக்கு?"

ராமுத்தாய்க்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "கிடைக்குமா? செடி பூராம் காய். பழுத்த காய் கை பட்டாப் பொளந்துக்கிரும். எங்க கைக்கே ஆடிப்போற வேலை அது. புதுசா வர்றவ பூவையும் பிஞ்சையும் சேத்துப் பிச்சுப்புடுவா."

"அப்ப யாரு யாருக்குப் பயப்படணும்?"

ராமுத்தாய் மற்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி எழுந்து வந்து ராமுத்தாய்க்குப் பக்கத்தில் நின்றாள், அப்புறம் இன்னொருத்தி.

*

மறுநாள் விடியலில் ஜீப் நிற்கும் இடத்தில், டீக்கடை பெஞ்சில் ஐஸ் பெட்டி இருந்தது. ஆதித்தன் அரைக்கைச் சட்டை போட்டிருந்தான். லேபை விட்டு அவனை அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்று தங்கப்பாண்டியன் இன்னும் முடிவு செய்யவில்லை. ஏழு குழாய்களைக் கொடுத்து, "இதையாவது ஒழுங்கா எடுத்துட்டு வா. இந்தத் தடவ நல்லதா வந்தாலும் ரெண்டு தடவ ஓட்டுவேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்.

டீக்கடைக்காரர் நொந்துகொண்டார். "கடை வாசல்ல உக்காந்துக்கிட்டு ஒருத்தியும் டீ குடிக்கமாட்டேங்கிறாளுகளே!"

"வெறும் வயித்துல இருக்காகண்ணே" என்றான் வேல்பாண்டி. "அவுகளுக்கும் சேத்து நான் குடிக்கிறேன், ஊத்துங்க."

ஜீப் வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து சூப்பர்வைசர் சுருளியாண்டி இறங்கினான். பெஞ்சைப் பார்த்தான், ஊசியைப் பார்த்தான்.

"என்னா இது? அதான் நேத்தே எல்லாரும் பாஸாயிட்டீகளே."

"நேத்துப் பாஸானது இந்தத் தம்பி" என்றாள் ராமுத்தாய், கையை நீட்டியபடி. "நாங்க இன்னைக்குத்தான் எழுதுறோம். நல்லாக் குத்துய்யா, பயப்படாத."

கறுத்த ரத்தம் குழாயில் ஏறியது. மூன்று வருஷத்தில் அவள் பெயர் ஒட்டி லேபுக்குப் போகும் குழாயில் அவளுடைய ரத்தமே இருப்பது இதுதான் முதல் தடவை.

சுருளியாண்டிக்குப் புரிய ஆரம்பித்தது. குரலை உயர்த்தினான். "எவளுக்காவது ஏதாச்சும் வந்துச்சு, ஜீப்புல ஏறவிடமாட்டேன். மொதலாளி சட்டம்."

"மொதலாளிகிட்ட எங்க சட்டத்தச் சொல்லு. வியாதி வந்தவ மாத்திரை போடுவா, வேலைக்கும் வருவா. மாசம் ஒரு நாளு ஆஸ்பத்திரிக்குப் போவா, அன்னைக்குச் சம்பளத்துல கை வைக்கக் கூடாது. ஒருத்திய எறக்குனா அத்தன பேரும் எறங்குவோம். அப்புறம் மொதலாளியக் கூடையக் கட்டிக்கிட்டுச் செடிக்குள்ள எறங்கச் சொல்லு. காயி தரையோட கெடக்கும், நல்லாக் குனியணும், முதுகு பத்திரம்."

பெஞ்சில் சிரிப்பு வெடித்தது. சுருளியாண்டி போனை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் போனான். மலையாளத்தில் என்னவோ கெஞ்சுவது கேட்டது. மேற்கே மலைமேல் மேகம் கலைந்துகொண்டிருந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அங்கே காய் பழுத்துக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ஏறுங்க. பொறவு பேசிக்கிரலாமாம்."

"பொறவுன்னா இன்னைக்குச் சாயங்காலம்" என்றாள் ராமுத்தாய். பாட்டிலை எடுத்துக்கொண்டு முன் சீட்டிலேயே ஏறி உட்கார்ந்தாள்.

நாகஜோதி கடைசியாகக் கை நீட்டினாள். ஜிலேபி இல்லாத ரத்தம். ஆதித்தன் பெயரை ஒட்டிக்கொண்டிருந்தபோது சினேகா பெஞ்சருகே வந்தாள். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"எங்கம்மா உங்க மேல கோபப்படாதேன்னு சொன்னாகண்ணே. நான் அப்படிச் சொல்லமாட்டேன். நெசத்தச் சொல்லிருந்தா மூணு வருசம் முன்னாலயே மாத்திரை போட்டிருப்பாக."

ஆதித்தன் குழாயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். "தெரியும்மா."

சினேகா ஜீப்பின் பக்கம் திரும்பினாள். சுருளியாண்டி சாவியைத் திருகப் போனவன் நிறுத்தினான்.

"எறக்கி விட்ருவீகன்னு பயந்துதான் எங்கம்மா ஒளிச்சாக. உங்க மொதலாளிகிட்டயும் சொல்லிருங்க. சங்கிலியம்மாளுக்கு மூணு வருசம் பாக்கி. பாதி இவரு பாக்கி, பாதி நீங்க பாக்கி."